பிரிக்காத பொட்டலம்

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதைச் சொன்னால் போதும், எதிரே இருப்பவர்கள் "பாவம், இவளுக்கு என்ன கஷ்டமோ" என்பது போல ஒரு முகம் வைப்பார்கள். ஒரு கஷ்டமும் இல்லை. பத்தொன்பது வயதில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், இல்லை என்று பட்டது. இப்போது நாற்பத்தொன்று ஆகிறது, இன்னும் அப்படித்தான் படுகிறது. நடுவில் கல்யாணம், பிரசவம், கொரோனா எல்லாம் வந்து போய்விட்டன. எதுவும் என்னைக் கோயிலுக்குள் தள்ளவில்லை.

அப்படிப்பட்ட நான், எங்கள் ஊர் அம்மனின் அற்புதம் என்று ஊரே இன்றைக்கும் பேசுகிற ஒரு காரியத்தைச் செய்தேன். செய்தது நான்தான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு இரண்டு பக்கத்துக்காரர்களும் திட்டலாம், ஏற்கெனவே திட்டிவிட்டார்கள்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் இருக்கிறது. பார்த்த இடமெல்லாம் தக்காளிக் காடு. அண்ணனும் அண்ணியும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள். நான் பாலக்கோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார், இந்தக் கதை நடந்த நாட்களில் எல்லாம் அவர் வண்டியில்தான் இருந்தார்.

எங்கள் ஊரில் பெரிய முடிவு எதையும் பூக் கேட்காமல் எடுக்க மாட்டார்கள். போர்வெல் போடலாமா, பெண் கொடுக்கலாமா, பையனை வெளியூருக்குப் படிக்க அனுப்பலாமா, எல்லாவற்றுக்கும் பூதான். காகிதத்தில் ஒரு வெள்ளை அரளி, இன்னொரு காகிதத்தில் ஒரு செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, ஒரே மாதிரி நூல் சுற்றி, அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கற்பூரம் காட்டிவிட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரிப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது.

பொட்டலத்தை வீட்டு ஆள்தான் கட்ட வேண்டும். தலைக்குக் குளித்துவிட்டு, யாரோடும் பேசாமல், தனியாக உட்கார்ந்து கட்ட வேண்டும். எடுக்காமல் விட்ட பொட்டலத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. யாருக்காகக் கேட்டார்களோ அவரே அதைக் கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் போட வேண்டும். பிரித்தால் கண் போய்விடும். யாருக்குக் கண் போயிற்று என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் பிரித்ததில்லை.

ஆறு வருடங்களுக்கு முன்னால் அம்மாவுக்குச் சர்க்கரையில் கால் விரல் கறுத்துப் போனது. இரண்டு விரலை எடுத்தால் கால் தப்பும், ஒரு வாரம் தள்ளிப்போட்டால் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டி வரும் என்று தர்மபுரியில் டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலிலேயே அண்ணன் சொன்னான், "வெள்ளிக்கிழமை பூக் கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

நான் கத்தினேன். வாசலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். ரிப்போர்ட்டைக் காட்டினேன், படத்தைக் காட்டினேன், சர்க்கரை என்றால் என்ன, அழுகல் என்றால் என்ன என்று பாடம் நடத்தினேன். அண்ணன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கடைசியில், "வெள்ளிக்கிழமை பாத்துக்கலாம் பாப்பா" என்றான். நாற்பத்தொரு வயதிலும் எங்கள் வீட்டில் நான் பாப்பாதான்.

இரண்டு நாள் எரிச்சலோடு வேலைக்குப் போய் வந்தேன். அடுத்தவர்களின் ரத்தத்தைக் குழாயில் போட்டுக் குலுக்கும்போது ஒன்று உறைத்தது. வியாழக்கிழமை ஊருக்குப் போய், "நானே கட்டறேன்" என்றேன். அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து மகளுக்குப் புத்தி வந்ததே என்ற சந்தோஷம். அண்ணி எனக்குப் புதுத் துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

குளித்தேன். யாரோடும் பேசவில்லை. உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு காகிதத்திலும் வெள்ளை அரளியையே வைத்துக் கட்டினேன். செவ்வரளியை ரவிக்கைக்குள் மறைத்து எடுத்துப்போய் எருக்குழியில் போட்டேன். கை நடுங்கவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

வெள்ளை வந்தது. வேறு எது வரும்? அம்மா நொண்டி நொண்டிப் போய் மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டாள். திங்கட்கிழமை இரண்டு விரல் போனது. கால் தப்பியது.

அதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியதில்லை. ஊர் முழுக்க அம்மா சொல்ல ஆரம்பித்தாள். சாமியே இல்லை என்று சொல்கிற மகள் கட்டின பூவிலேயே வெள்ளை கொடுத்தாள் பார் என் ஆத்தா, என்று. கம்பைநல்லூரில் இருக்கிற சித்தி வரைக்கும் கதை போனது. அதுவரைக்கும் கல்யாணத்துக்கும் போர்வெல்லுக்கும் பூக் கேட்டவர்கள், வைத்தியத்துக்கும் வரிசையாகக் கேட்க ஆரம்பித்தார்கள். கோயிலுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவள் நான். வாயைத் திறக்காமல் இருந்தேன். அம்மாவின் கால் இருக்கிறதே, அது போதும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். திருட்டுத்தனம் பண்ணியவர்கள் எல்லோரும் சொல்லிக்கொள்கிற சமாதானம்தான் அது, இப்போது தெரிகிறது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் அண்ணி என் லேப்புக்கு வந்தாள். தக்காளி மண்டிக்கு வந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்திருந்தாள். எல்லோரும் போகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, மார்பில் ஒரு கட்டி என்றாள். வலி இல்லை என்றாள். "வலி இல்லீன்னா பரவால்லதானே பாப்பா?"

என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஐந்து வயது மூத்தவள். வருடா வருடம் அம்மனுக்கு மஞ்சள் துணி கட்டி விரதம் இருப்பாள், தீ மிதிப்பாள், செவ்வாயும் வெள்ளியும் வாசல் கழுவாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். என்னை ஒரு தடவையும் கும்பிடு என்று சொன்னதில்லை. விபூதித் தட்டை எல்லோரிடமும் நீட்டிக்கொண்டே வந்து, என்னிடம் வரும்போது மட்டும் இயல்பாகத் தட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவாள். அந்த மரியாதையை எனக்கு வேறு யாரும் கொடுத்ததில்லை, சாமி இல்லை என்கிற என் கட்சிக்காரர்களும் கொடுத்ததில்லை.

தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஊசியில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். ரிப்போர்ட்டை வாங்கிப் பிரித்தபோது எனக்கு எழுத்து தெரியவில்லை. தினமும் இருபது ரிப்போர்ட் டைப் பண்ணுகிறவள் நான். புற்றுநோய்தான். ஆரம்பத்தில் இருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிவிட்டு ஊசி மருந்து கொடுத்தால் நல்லபடியாகக் குணமாக வாய்ப்பு இருக்கிறது, தள்ளிப்போட வேண்டாம் என்றார் டாக்டர்.

அண்ணன் வழக்கம்போல் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். "பூக் கேட்டுரலாம்" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நிம்மதியாகக்கூட இருந்தது. வழிதான் தெரிந்திருக்கிறதே! "சரிண்ணா, நான் கட்டறேன்" என்றேன்.

"வேணாம் பாப்பா. என் சம்சாரம். நானே கட்டறேன்."

"போன தடவை என் கையிலதானே நல்லது நடந்துச்சு?"

"நானே கட்டறேன்" என்றான் மறுபடி.

வெள்ளிக்கிழமை கோயிலில் நான் சுவரோரமாக நின்றேன். கும்பிடாத என் கை வேர்த்துப் போயிருந்தது. சாமியே இல்லை என்கிறவள், பூசாரியின் விரல் எந்தப் பொட்டலத்தின் மேல் போகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவர் எடுத்தார், பிரித்தார். சிவப்பு.

அண்ணன் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "மலைப்பக்கம் ஒருத்தர் பச்சிலை கட்டறாருங்க, அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று பூசாரியிடம் சொன்னான். அண்ணி குனிந்து மிச்சப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் நடந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கரண்ட் பில் கட்டிவிட்டு வருகிறவளின் முகம்.

அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நில்லுங்க" என்று கத்தினேன். "போன தடவை ரெண்டுலயும் வெள்ளையைத்தான் வெச்சேன். நான்தான் வெச்சேன். எங்கம்மா கால் தப்பினது என் பித்தலாட்டத்துல. உங்க பூவுல இல்ல."

கோயிலில் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்பார்கள். அண்ணி கிணற்றடியில் நின்றுவிட்டாள். அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு தன் காலைப் பார்த்தாள்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். கோயிலே கலங்கிப்போகும், இனிமேல் ஒருத்தரும் பூக் கேட்க மாட்டார்கள் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! பூசாரி பொறுமையாகக் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டுலயும் வெள்ளையை வெக்கணும்னு உனக்கு யாரும்மா தோண வெச்சது?" என்றார்.

"யாரும் தோண வெக்கல. எனக்கே தோணுச்சு."

"அப்படித்தான் தோணும். அவதான் வெச்சிருக்கா."

கூட்டத்தில் ஒரு பெண் குலவை போட்டாள். ஒன்றிரண்டு பேர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என் வாழ்க்கையில் அதைவிட அவமானமான நிமிஷம் கிடையாது. உண்மையைச் சொன்னேன், அதையும் எடுத்துச் சாமிக்கே சாத்திவிட்டார்கள். சரி, இப்போதும் எனக்குத் தோன்றுகிறது, மறுபடி கட்டுகிறேன் என்றேன். கேட்டது கேட்டதுதான், நாற்பத்தெட்டு நாள் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும் என்றார் பூசாரி. நாற்பத்தெட்டு நாள். கட்டி அதுவரைக்கும் விரதம் இருக்குமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுத்தறிவு வாசகர் வட்டத்துக்குப் போனேன். மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு மாடியில் இருபது வருடங்களாகக் கூடிவந்தோம். நன்றி மறக்கக் கூடாது, என் மனதில் இருந்ததற்கெல்லாம் வார்த்தை கொடுத்தவர்கள் அவர்கள்தான். வட்டத்தை நடத்துகிறவர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் பேசுவார். அண்ணன் பெரியவர்கள் சொன்னால் கேட்பான், ஒரு நடை வந்து பேசுங்கள் என்று கேட்கத்தான் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் கேட்டது அண்ணியைப் பற்றி இல்லை. "நீங்க கோயிலுக்குள்ள போயி, தலைக்குக் குளிச்சு, பூக் கட்டினீங்களா தோழர்?"

"அம்மா காலுக்காகக் கட்டினேன்."

"எதுக்காக இருந்தாலும் தப்புத் தப்புதான். நம்ம கொள்கையில விதிவிலக்கே கிடையாது." கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. "ஒண்ணு பண்ணலாம். நீங்க ஒரு வீடியோ பேசுங்க. கோயில்ல எப்படி ஏமாத்தறாங்கன்னு சொல்லுங்க. பெருசாப் போகும்."

"கோயில்ல யாரும் ஏமாத்தலைங்க. ஏமாத்தினது நான்."

"அதை அப்படிச் சொல்ல வேண்டாம். நம்ம பக்கம் பலவீனமாயிடும். பூசாரி சொல்லித்தான் கட்டினேன்னு வெச்சுக்கலாம்."

அவருக்குப் பின்னால் அலமாரி நிறையப் புத்தகங்கள், எல்லாம் உண்மையைப் பற்றியவை. அவர் கையிலும் இரண்டு பொட்டலம் இருக்கிறது, இரண்டிலும் அவருக்கு வேண்டிய பூதான் இருக்கிறது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து பேசுவீர்களா என்று இன்னொரு தடவை கேட்டேன். முதலில் நான் கோயிலுக்குள் போனதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்க வேண்டும், அதை வட்டத்தில் படிக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்றார்.

"பூசாரி நாப்பத்தெட்டு நாள்னு சொன்னாரு. நீங்க எத்தனை நாள்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த மாடிப்படி ஏறவில்லை. சாமி அதற்குப் பிறகும் எனக்கு இல்லை. அதற்கு யாருடைய சான்றிதழும் தேவைப்படவில்லை.

மறுநாள் லேப்புக்கு லீவு சொல்லிவிட்டு விடிந்ததும் ஊருக்குப் போனேன். அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாவது பஸ் ஏற்றுவது என்ற முடிவோடு போனேன். களத்தில் தக்காளி கொட்டிக் கிடந்தது. அண்ணி உட்கார்ந்து காயையும் பழத்தையும் பிரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் கிரேட்டுகளை டெம்போவில் அடுக்கிக்கொண்டிருந்தான். அம்மா கட்டிலில் இருந்தாள். நான் கோயிலில் கத்தியதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, அன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அண்ணி எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே பொட்டலம். நூல் சுற்றினது சுற்றினபடி இருந்தது.

"கிணத்துல போடலியா?" என்றேன்.

"நீ கத்துனியே, ரெண்டுலயும் வெள்ளைன்னு. அப்புறம் கை வரல. மூணு நாளா முடிச்சுலயே கெடக்குது."

அண்ணன் கையிலிருந்த கிரேட்டைக் கீழே வைத்தான். "அதைப் போட்டுடு. புள்ள, சொல்றேன்ல, போட்டுடு."

"குடுங்க அண்ணி, நான் பிரிக்கறேன்" என்று கையை நீட்டினேன். "எனக்குத்தான் சாமியே இல்லையே, கண்ணு போகாது."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாம் பாப்பா. எனக்காகக் கேட்டது. போனா என் கண்ணே போவட்டும்."

இருபது வருடமாக நான் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேய் பங்களாவில் படுப்பேன், கிரகணத்தில் சாப்பிடுவேன், பூனை குறுக்கே போனால் நின்று கொஞ்சிவிட்டுப் போவேன். பயமே இல்லாதவளுக்கு அதிலெல்லாம் என்ன தைரியம் வேண்டியிருக்கிறது? என் அண்ணி, கண் போய்விடும் என்று முழுசாக நம்பிக்கொண்டு, நூலைப் பல்லால் கடித்தாள். கண்ணை மூடவில்லை, அகலத் திறந்து வைத்துக்கொண்டு பிரித்தாள்.

செவ்வரளி. வாடிச் சுருண்டிருந்தது, ஆனால் சிவப்புதான்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அண்ணிக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் பூவைப் பார்க்கவே இல்லை, அண்ணனைப் பார்த்தாள்.

"என்ன பூடி?" என்று கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள்.

"இதுவும் சேப்புதான் அத்தை."

அண்ணன் டெம்போவின் பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாற்பத்தெட்டு வயது ஆள், மூட்டை தூக்கிக் காய்த்த தோள், சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். "கத்தி பட்டா உடம்பு பூரா பரவிடும்னு சொல்றாங்க. மேக்கால காட்டுக்காரர் சம்சாரத்துக்கு ஆபரேஷன் பண்ணாங்க, எட்டு மாசம் தாங்கல. நான் எப்படி அனுப்பறது? அம்மன் வெள்ளை குடுத்துட்டா நான் என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

சாமி தனக்குப் பிடிக்காததைச் சொல்லிவிடுமோ என்று பயந்த பக்தன். அவனும் என்னை மாதிரியே குளித்து, என்னை மாதிரியே கதவைச் சாத்தி, என்னை மாதிரியே இரண்டிலும் ஒரே பூவை வைத்திருக்கிறான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. முடிவை முதலிலேயே எடுத்துவிட்டோம், கையெழுத்துக்கு மட்டும் சாமியைக் கூப்பிட்டோம்.

அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தாள். "அவ என் காலுக்குத் திருடினா. நீ எதுக்குடா திருடினே?"

அண்ணன் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். பதில் என்னிடம் இருந்தது. சொல்வதற்குச் சொற்பொழிவே தயாராக இருந்தது. பார்த்தீர்களா, பூவில் ஒன்றுமே இல்லை, எல்லாம் மனுஷன் வைக்கிறதுதான், இப்போதாவது ஒத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி என் பக்கம் திரும்பினாள்.

"நீ பேசாத பாப்பா. நீயும் பேசாத." சத்தம் போடவில்லை அவள். அதனால்தான் பயமாக இருந்தது. "என் சாமி வாயில ஆளுக்கொரு பூவைத் திணிச்சீங்க. நீ வெள்ளையைத் திணிச்சே, உங்கண்ணன் சேப்பைத் திணிச்சாரு. அவகிட்ட ஒருத்தரும் கேக்கல. சரி, அவளை வுடு, கல்லுன்னு சொல்லுவே. நான் கல்லா? கட்டி வந்தது எனக்கு. என்னை ஒருத்தராவது கேட்டீங்களா?"

நான் நினைத்துப் பார்த்தேன். டாக்டரிடம் பேசியிருந்தேன். அண்ணனிடம், பூசாரியிடம், வட்டத்துக்காரரிடம் பேசியிருந்தேன். கம்பைநல்லூர் சித்தியிடம்கூட ஃபோனில் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். அண்ணியிடம், உங்களுக்கு என்ன தோன்றுகிறது அண்ணி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றைக்கும் கையைப் பிடித்து இழுத்துப்போகத்தான் வந்திருந்தேன். என் முடிவு சரியான முடிவுதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சரியாக இருந்துவிட்டால் மட்டும் அடுத்தவளின் உடம்பு என்னுடையதாகிவிடுமா?

"இப்ப கேக்கறேன் அண்ணி" என்றேன்.

அவள் செவ்வரளியைக் காகிதத்தோடு கசக்கிக் களத்து ஓரமாகப் போட்டாள். மறுபடி உட்கார்ந்து தக்காளியைப் பிரிக்க ஆரம்பித்தாள். நாலைந்து பழம் போன பிறகு சொன்னாள், "எனக்குப் பயமாத்தான் இருக்குது. ஆனா நான் இருக்கணும் பாப்பா. என்னிக்குப் போவணும்னு சொல்லு."

அண்ணி இப்போது நன்றாக இருக்கிறாள். ஆபரேஷன் ஆனது, ஊசி மருந்து ஏறியது, முடி கொட்டியது, மறுபடி சுருட்டையாக முளைத்திருக்கிறது. போன மாதம் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை. அண்ணன்தான் ஒவ்வொரு தடவையும் கூட்டிக்கொண்டு போனான். வார்டில் அவள் வாந்தி எடுத்த கிண்ணத்தைக் கழுவியவன் அவன்தான், அதையும் எழுத வேண்டும். கண்ணுக்கும் ஒன்றும் ஆகவில்லை. சுண்டைக்காயில் புழு இருப்பதை என்னைவிட முன்னால் பார்த்துவிடுகிறாள்.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்டால், இல்லை. இன்னமும் பூக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் மட்டும் கேட்பதில்லை. ஒரு தடவை அம்மா பழக்க தோஷத்தில் பூ என்று ஆரம்பித்தபோது, அண்ணி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. என்னைக் கோயில் அற்புதத்தில் சேர்த்துப் பேசுகிறவர்களை எங்கே பார்த்தாலும் மறித்து, அது பித்தலாட்டம், செய்தது நான் என்று சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போகிறார்கள். விடுவதாக இல்லை, சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

ஆஸ்பத்திரியில் சேருவதற்குப் போன அன்று காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறுத்தத்துக்கு எதிரேதான் கோயில். அண்ணி செருப்பைக் கழற்றி என் பக்கத்தில் விட்டாள், பையையும் ரிப்போர்ட் ஃபைலையும் என் கையில் கொடுத்தாள். "ரெண்டு நிமிசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே பூசாரி இருக்கிறார், தட்டு நிறைய அரளி இருக்கிறது. கடைசி நேரத்தில் மனசு மாறிவிடுமோ, வேறு ஏதாவது சகுனம் பார்த்துவிடுவாளோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஓடிப் போகவும் கால் துடித்தது. போகவில்லை. அது அவளுக்கும் அவள் சாமிக்கும் நடுவில் இருக்கிற விஷயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, செருப்புக்குக் காவல் நின்றேன்.

வெளியே வந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம். செருப்பை மாட்டிக்கொண்டு ஃபைலை என் கையிலிருந்து தானே வாங்கிக்கொண்டாள்.

"என்ன கேட்டீங்க அண்ணி?"

"கேக்கல பாப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

பஸ் வந்தது. என்னைத் தள்ளிக்கொண்டு அவள்தான் முதலில் ஏறினாள்.